சுக்கு என்ன செய்தது

சுக்கு சாப்பிடாமல் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ஆலடிப்பாறை மலையடிவாரத்தில், பெண்கள் மட்டுமே இருந்த சின்ன மடம் அது. ஏழு பேர், ஒரு பசு, ஒரு ஆமை. ஆமைதான் சுக்கு. முகமும் கழுத்தும் காய்ந்த சுக்குத் துண்டு போலவே சுருங்கியிருக்கும். ஓடு மட்டும் அழகு. கறுப்பில் மஞ்சள் கோடு கோடாக, நட்சத்திரக் கோலம் போட்டது மாதிரி இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் மலையில் புல் பற்றி எரிந்தபோது, ஓட்டின் ஓரம் கருகி, தானாகவே நடந்து மடத்து வாசலுக்கு வந்த ஜீவன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு அதைப் பிழைக்க வைத்தவர் தாயார். பெயர் வைத்ததும் அவர்தான்.

மடத்தை உண்டாக்கியவரே தாயார். ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். முற்றத்திலேயே சமாதி வைத்தார்கள். இப்போது தை பிறந்திருந்தது.

தாயாரின் இடத்தில் உலகம்மை இருந்தாள். தாயாரே செய்துவிட்டுப் போன ஏற்பாடு. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. மூத்த சிஷ்யை வடிவுக்கு அறுபத்து நான்கு.

உலகம்மை மடத்துக்கு வந்த புதிதில் வாளியைக் கயிற்றில் கட்டக்கூடத் தெரியாது. தண்ணீர் இறைக்கவும், சாணி தெளிக்கவும், பசுவுக்குப் பக்கத்தில் பயமில்லாமல் உட்காரவும் பழக்கியவள் வடிவு. இருபது வருஷம் ‘ஏட்டி உலகு’ என்று கூப்பிட்ட வாய். ஐப்பசிக்குப் பிறகு அந்த வாய்க்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போய்விட்டது. ‘நீ’ என்று சொல்ல முடியாது. இப்போது அவள் குரு. ‘நீங்க’ என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஆகவே மூன்று மாதமாக வடிவு மொட்டையாகவே பேசிவந்தாள்.

“சாப்பாடு ஆயிட்டு.”

“பால் காய்ச்சியாச்சு.”

உலகம்மை அதைக் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. எப்போதும் போல ‘அக்கா’ என்றே கூப்பிட்டாள்.

சுக்குவின் துக்கத்தை முதலில் கண்டுபிடித்தவள் வடிவுதான். மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு காலையில், சுக்கு தாழ்வாரத்து மூலையிலிருந்து கிளம்பி, நேராகச் சமாதிக்குப் பக்கத்தில் போய், கழுத்தை நீட்டித் தரையில் வைத்துப் படுத்ததைப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பிறகு இரை எடுப்பது குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

“பாத்தியளா, குருவைத் தேடுது” என்று மற்றவர்களிடம் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. கேட்டவர்களும் அழுதார்கள்.

அந்தப் பேச்சு அடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் போயிற்று. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சுக்குவின் ஓட்டில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். முன்னால் வாழைப்பழம் உரித்து வைத்தார்கள், பால் ஊற்றினார்கள், சர்க்கரைப் பொங்கல் படைத்தார்கள். சுக்கு எதையும் தொடவில்லை. அதைக் கண்டு இன்னும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

வந்தவர்கள் போன பிறகு அவளுக்குள் ஒன்று குத்தும். வாயில்லாத ஜீவன் அன்னம் தண்ணீரை விட்டுவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கூட இருந்த நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேனே. அதனால் அவளும் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சுக்கு தாழ்வாரத்தை விட்டு இறங்கவே வெகுநேரம் பிடித்தது. நாலடி நடந்தால் நின்றது. வடிவு உள்ளே போனாள். உலகம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“சுக்கு குருவோட போயிரணும்னு நெனைக்குது. அதைத் தடுக்கலாமா, கூடாதா?”

உலகம்மை ஒரு தண்டை ஒடித்தாள். “அப்படி நெனைக்குதுன்னு யார் சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

“முதல்ல யார் சொன்னா?”

வடிவு குனிந்து முறத்திலிருந்த கீரையைப் பார்த்தாள்.

“அக்கா, எனக்கொரு உபகாரம் செய்யணும். ஒரு நாலு நாளைக்குச் சுக்கு என்ன நெனைக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் வேண்டாம். அது என்ன செய்யுதுன்னு மட்டும் பாத்து, வந்து சொல்லுங்க.”

“கேட்டதுக்குப் பதில்?”

“நாலு நாள் போகட்டும்.”

வடிவு முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தாயாராக இருந்தால் இப்படி அலைக்கழிப்பாரா என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு வந்தது. தாயார் என்றைக்கு நேராகப் பதில் சொன்னார்? ஒரு தடவை பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வந்து, மனசு அடங்க எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டாள். அப்போது சுக்கு யாரோ மிதிக்கப் பார்த்ததில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. ‘அது தலையை நீட்டட்டும், சொல்லுதேன்’ என்றார் தாயார். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், நெளிந்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் சுக்கு தலையை நீட்டியது. ‘இப்ப கேளு’ என்றார் தாயார், வெறும் வாசலைப் பார்த்து. அன்றைக்குப் பசுவே மிரளும்படி எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த மாதிரிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அன்று சாயங்காலம் உலகம்மையின் முன்னால் போய் நின்றாள்.

“சுக்கு துக்கத்துல…”

“அக்கா.”

வடிவு நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள்.

“வெயில் வந்த பிறகு தாழ்வாரத்தை விட்டு இறங்குச்சு. நேரா சமாதிகிட்ட போச்சு. போய்க் கும்பிட்டுச்சு.”

“கும்பிட்டுச்சா?”

“கழுத்தை நீட்டித் தரையில வச்சுது.”

“கழுத்தை மட்டுமா?”

“காலையும்.”

“எத்தனை கால்?”

வடிவு யோசித்தாள். இத்தனை நாளில் அவள் அதன் கால்களைப் பார்க்கவே இல்லை.

“நாளைக்குப் பாத்துச் சொல்லுங்கக்கா. அவசரமில்ல.”

மறுநாள் வடிவு நின்றபடி பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தாள். சாயங்காலம் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

“நாலு காலையும் நீட்டுது. பின்னங்கால் ரெண்டும் பின்னால பரப்பிக் கிடக்கு, உலத்தப் போட்ட துணி மாதிரி. முன்னெல்லாம் தொட்டா ‘உஸ்’ஸுன்னு மூச்சை விட்டுத் தலையை உள்ள இழுக்கும். இப்ப மெதுவா இழுக்குது. அதும் பாதிதான். கண்ணு பள்ளத்துல கிடக்கு. மூக்குல ஈரம். ஒரு தரம் சின்னதா குமிழி விட்டுச்சு.”

“கனம் எப்படி இருக்கு?”

அந்தக் கேள்வி வடிவை எங்கேயோ கொண்டுபோயிற்று.

வெள்ளிக்கிழமைதோறும் தாயார் அம்மிக் குழவியைக் கொண்டுவரச் சொல்வார். வலக்கையில் குழவி, இடக்கையில் சுக்கு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஏற்றி இறக்குவார். ‘குழவியும் சுக்கும் சமம். நல்லா இருக்கான்’ என்பார். சில வெள்ளிக்கிழமைகளில் ‘சுக்கு ஒரு பிடி கூட’ என்று சந்தோஷப்படுவார். வடிவு அதைத் தாயாரின் விளையாட்டு என்றே நினைத்திருந்தாள். சமத்துவம் பற்றிய பாடம் என்று ஒருமுறை வந்தவர்களிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அடுக்களைக்குப் போய்க் குழவியை எடுத்து வந்தாள். தாயார் செய்தது போலவே கண்ணை மூடிக்கொண்டாள்.

குழவி பிடித்த கை கீழே இறங்கியது. சுக்கு இருந்த கையில் வெறும் ஓட்டை வைத்தது போலிருந்தது.

“குழவிதான் கனம்” என்றாள். “உலகு… இதுக்கு சீக்கு.”

உலகம்மை தலையசைத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வடிவு தன் பெயரைச் சொன்னதை அவள் கவனித்திருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் வடிவு ஈரத்துணியால் ஓட்டிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தெடுத்தாள். காலை வண்டியில் வந்து இறங்கிய ஒரு அம்மாள் பொங்கல் தூக்குவாளியோடு வந்தாள்.

“இதுக்குப் பொங்கல் ஆகாது. புல்லும் இலையும் திங்கிற ஜீவன். பாலும் ஆகாது” என்றாள் வடிவு.

அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. “போன வாரம் நீங்கதான இங்க உக்காந்து அவ்வளவு கதை சொன்னீக?”

“சொன்னேன். தெரியாம சொன்னேன்.”

கால்நடை ஆஸ்பத்திரிக்காரரையும் வரவழைத்துப் பார்த்தார்கள். நல்ல மனுஷர். சுக்குவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு ஆடு மாடு தெரியும்மா. ஆமை தெரியாது. தெரியாம ஊசி போட மாட்டேன். உடம்பு ரொம்பக் குளுந்திருக்கு, அதுமட்டும் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளிர்ந்திருக்கிறது. வடிவு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்த காலை. சுக்கு இறங்குவதற்கு முன்பே அவள் சமாதிப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தின் கிழக்கு ஓரத்தில் சமாதி. அதற்கு மேலே நாலு தூண் நிறுத்தி ஓட்டுக்கூரை. தெற்கே வேப்பமரம். சுக்கு மெதுவாக வந்தது. நின்று நின்று வந்தது. அவள் முழங்காலுக்கு அருகில், தான் என்றும் படுக்கும் அதே இடத்தில், கழுத்தை நீட்டியது. ஒவ்வொன்றாக நாலு காலையும் நீட்டியது. கண்ணை மூடியது.

அதன் பக்கத்தில் வடிவு உள்ளங்கையைத் தரையில் வைத்தாள்.

சில்லென்று இருந்தது. விடிந்து இவ்வளவு நேரமாகியும் மண் ஈரம் காயாமல் கிடந்தது. அவளுடைய பாதங்களும் விறைத்துப் போயிருந்தன. முற்றத்தின் மறுகோடியில் கிணற்றடி முழுக்க மஞ்சள் வெயில்.

இந்தக் கிடப்பை எங்கே பார்த்திருக்கிறோம்? கழுத்தை நீட்டி, காலைப் பரப்பி, கண்ணை மூடி. துக்கத்தில் இல்லை. இதே இடத்தில், தாயார் காலையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த நாளில் பார்த்தது. ‘இந்நேரம் அதைக் கூப்பிடாதே வடிவு, வெயில் குடிக்குது’ என்பார். வெயில் குடித்து முடித்துத்தான் சுக்கு எழுந்து போய்ச் செம்பருத்திச் செடியடியில் உதிர்ந்ததை மேயும்.

தாயார் அந்தப் பலகையை ஒரே இடத்தில் போடமாட்டார். மாதத்துக்கு மாதம் ஒரு முழம் தள்ளுவார். தையில் ஒரு இடம், சித்திரையில் ஒரு இடம். அது ஏதோ சூரிய விரதம் என்று வடிவு நம்பியிருந்தாள். ஒருநாள் கேட்டும் விட்டாள்.

தாயார் சிரித்தார். ‘என் நிழல் அது மேல விழுதுட்டி.’

வடிவு அந்த வாக்கியத்தை அன்றைக்கே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். குருவின் நிழல் சீடன்மேல் விழக்கூடாது என்று பதினைந்து வருஷமாக வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் கண்கலங்கியிருக்கிறார்கள். தாயார் ஒரு தரம் அந்த விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, ‘அப்படியா வடிவு?’ என்று மட்டும் சொன்னார்.

வடிவு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கிழக்கு வானம் தெரியவில்லை. கூரை தெரிந்தது.

அந்தக் கூரையைப் போட்டவள் அவள். ஐப்பசி மழை சமாதியின் புது மண்ணில் விழுந்து, மண் கரைந்து சேறாக ஓடியதை அவளால் பார்க்க முடியவில்லை. தாயார் நனைகிறாரே என்று பதறினாள். ஒரு நாள் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எல்லாரும் சேர்ந்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் கொத்தனாரை அழைத்து வந்தாள். ஓடுகளைத் தலைச்சுமையாகத் தானே சுமந்தாள். அடைமழைக் காலமெல்லாம் வானம் மூடியே கிடந்ததால், நிழல் எங்கே விழும் என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது காலை வெயில் கூரையைத் தாண்டி இறங்குவதற்குள் வேப்பமரத்து நிழல் வந்துவிடுகிறது.

அவள் சுக்குவைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வெயிலில் விட்டாள். சுக்கு கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி, நடுங்கும் காலை ஊன்றி ஊன்றி, பழைய இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மறுபடி தூக்கி விட்டாள். மறுபடி நடந்தது. கூடையைப் போட்டுக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஓட்டால் இடித்துப் பிறாண்டியதைக் கேட்கப் பொறுக்காமல் கூடையை எடுத்துவிட்டாள். இருபது வருஷத்துப் பழக்கம். அதற்குத் தெரிந்த வெயில் அங்கேதான் இருந்தது.

உலகம்மையிடம் போனாள்.

“சுக்குக்கு வெயில் வேணும். வெயில் இல்லாம உடம்பு குளுந்து போச்சு. அதான் இரை செல்லல.”

“ஆமாக்கா, அப்படித்தான் தோணுது.”

“கிணத்தடில விட்டா திரும்பி வந்துருது.”

“பாத்தேன்.”

“கூடை போட்டா சண்டை போடுது.”

“ம்.”

“என்ன செய்ய?”

உலகம்மை சமாதிப் பக்கம் பார்த்தாள்.

“சொல்லக்கூடாதா?”

“அந்தக் கூரையைப் போட்டது நீங்கக்கா. அதுல நான் என்ன சொல்ல?”

வடிவுக்குச் சுள்ளென்று ஏறியது. “அப்போ தாயார் நனையட்டும். அப்படித்தான?”

உலகம்மை கோபப்படவில்லை. “தாயார் மழையில நனைஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா அக்கா? நான் வர்றதுக்கு முன்னால?”

பார்க்காமலா? கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடிய வருஷம். கொட்டுகிற மழையில் தாயார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வடிவு ஓலைக்குடையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினாள். குடை காற்றில் பறந்து போயிற்று. தாயார் திரும்பிப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். தலைமுடியெல்லாம் வழிய வழிய, கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் இறங்கி வந்த கோலம். ‘குடை போச்சேன்னு பாக்கியா? போகட்டும், வா, இன்னும் கொஞ்சம் நனைவோம்’ என்றார். அப்போது வடிவுக்கு முப்பது வயது. அவ்வளவு நனைந்தும் அன்று குளிரவே இல்லை.

வடிவு எழுந்து போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை.

மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவும்போது பின்கட்டிலிருந்து ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால், வடிவு புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியைக் கூரையில் சாய்த்து, நாலாவது படியில் நின்றாள். ஏணி ஒரு பக்கம் ஆடியது.

“ஏட்டி! பாத்துக்கிட்டு நிக்கியே, ஏணியைப் பிடிட்டி!”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது. கீழே உலகம்மை. மற்ற ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வடிவு கீழே பார்க்கவும் முடியாமல் மேலே ஏறவும் முடியாமல் படியைக் கட்டிக்கொண்டாள்.

“பிடிச்சாச்சுக்கா. ஓட்டைக் கழட்டித் தாங்க.”

வடிவு முதல் ஓட்டை உருவினாள். உலகம்மை ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறுகையால் வாங்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. மற்றவர்கள் வரிசையாக நின்று வாங்கிச் சுவரோரம் அடுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் சட்டம் மட்டும் எலும்பாக நின்றது. மறுநாள் கொத்தனார் வந்து அதையும் இறக்கினார்.

வடிவு சமாதியின் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், “நனைஞ்சுக்கிடுங்க தாயாரே” என்றாள்.

அடுத்த காலை வெயில் சமாதியைத் தாண்டி முற்றத்தில் இறங்கியது. சுக்கு தாழ்வாரத்தை விட்டு இறங்கி வந்து, வெயில் விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு வெயிலுக்குள் போய்ப் படுத்தது.

வெயில் ஏறியதும் வடிவு பித்தளைத் தாம்பாளத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, தாடை நனையாத அளவு பார்த்து, சுக்குவை அதில் வைத்தாள். தாயார் அப்படித்தான் வைப்பார். வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது. தொண்டை ஏறி இறங்கியது.

“குடிக்குது” என்று கிசுகிசுத்தாள். ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து, ஒரு ஆமை தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள்ளேயே வெள்ளைவெள்ளையாய்ச் சுண்ணாம்பு போலக் கழித்தது. அதற்கும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் இரை எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. வடிவு மூக்கிரட்டைக் கீரையும் அறுகம்புல்லும் பறித்து வந்து வைத்தாள். வாடியதும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். கேட்டவர்களிடம், “வெயில்ல கிடக்கு. தண்ணி குடிச்சுது. மூக்கு காஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

கூரை இறங்கிய ஆறாம் நாள் காலை. வடிவு சமாதிக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்னால் ‘சரக்’ என்று ஒரு சத்தம். சுக்கு கழுத்தை எட்டுமட்டும் நீட்டி, சமாதியின் ஓரத்தில் வைத்த செம்பருத்தியைக் கவ்வியிருந்தது. சாமிப் பூ. தடுக்கக் கை தானாகப் போயிற்று. பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். சுக்கு இதழை இழுத்தது, காலால் மிதித்துக் கிழித்தது, சப்புக்கொட்டித் தின்றது. அதன் வாயெல்லாம் சிவப்பு. ஒன்று முடிந்ததும் அடுத்த பூவுக்குக் கழுத்தை நீட்டியது.

வடிவு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

உலகம்மை வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் வெகுநேரம் சுக்கு தின்பதைப் பார்த்தார்கள். தின்று முடித்து அது தன் போக்கில் செடிப்பக்கம் நடந்தது. நடையில் பழைய மிடுக்கு கொஞ்சம் வந்திருந்தது.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல” என்றாள் வடிவு. ‘நீங்க’ எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

“கேளுங்கக்கா.”

“அன்னைக்குக் கேட்டதை இப்ப கேக்கல. இது வேற.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அப்போ சுக்கு தாயாரைத் தேடவே இல்லையா? வெயிலைத்தான் தேடுச்சா? முப்பத்தைந்து வருஷம் இருந்த வீட்டுல, அவகளைத் தேடுறதுக்கு ஒரு ஜீவன்கூட இல்லையா?”

உலகம்மை செடிப்பக்கம் போன சுக்குவைப் பார்த்தாள்.

“சுக்குக்கு உள்ள என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியாதுக்கா” என்றாள். “ஆனா ஒண்ணு பாத்திருக்கேன். நீங்க தட்டுல பாதியை வச்சுட்டு எந்திரிக்கிறீங்க. ஐப்பசியிலேர்ந்து பேசும்போது யார் முகத்தையும் பாக்குறதில்ல. விடிஞ்சா இங்க வந்து அந்தக் கூரை நிழல்லயே உக்காந்திருந்தீங்க. ஏணியில ஓடு வாங்கும்போது உங்க கையைத் தொட்டேன். சுக்கு மாதிரியே சில்லுனு இருந்துது.”

வடிவு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

உலகம்மை தன் முந்தானையால் தரையிலிருந்த ஓட்டுத் துண்டுகளைத் தள்ளி இடம் செய்தாள்.

“இப்படி உக்காருங்கக்கா. இங்க வெயில் நல்லா விழுது.”